கிரான்பெர்ரி சாஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி சொல்லும் நாள் விருந்து. அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் என் போன் ஓயாது. "அக்கா, சாஸ் தண்ணியா நிக்குது." "அக்கா, ஒரே கசப்பு, சர்க்கரை போட்டும் போகல." மாசசூசெட்ஸுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் நண்பர் வட்டத்தின் விருந்துக்கு மசாலா சேர்த்த கிரான்பெர்ரி (புளிப்பான சின்னச் சிவப்புப் பழம்) சாஸ் செய்வது என் பொறுப்பு. வருடா வருடம் என் பாத்திரத்திலும் அடுத்தவர் பாத்திரத்திலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் சாஸ் என்ன பாடுபடுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு இது. 340 கிராம் கிரான்பெர்ரிப் பாக்கெட் ஒன்று (கடையில் 12 அவுன்ஸ் என்று போட்டிருக்கும்), சர்க்கரை 1 கப் (200 கிராம்), தண்ணீர் 1 கப் (240 மில்லி), விரல் நீளத்தில் பட்டை 1, கிராம்பு 3, அன்னாசிப்பூ பாதி, ஆரஞ்சின் மேல்தோல் இரண்டு கீற்று, துருவிய இஞ்சி 1 டீஸ்பூன், உப்பு 2 சிட்டிகை. பழம் தவிர மற்ற எல்லாம் கொதித்ததும் பழத்தைப் போட்டு, மிதமான தீயில் 10 நிமிடம். இரண்டே கால் கப் போலக் கிடைக்கும்.

கை வைப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னும் முடிந்தால், இரண்டு கரண்டி சாஸைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து அதில் செய்து பாருங்கள். பதற்றத்தில் சர்க்கரை, எலுமிச்சை, மாவு மூன்றையும் ஒன்றாகக் கொட்டிய பாத்திரத்தை யாராலும் மீட்க முடியாது.

## சாஸ் தண்ணீராக ஓடுகிறது

வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். நான் முதலில் கேட்கும் கேள்வி: சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா?

### இன்னும் சூடாக இருக்கிறது

அப்படியென்றால் கோளாறே இல்லை. கிரான்பெர்ரியில் பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும், பழத்திலேயே இருக்கும் பொருள்) நிறைய இருக்கிறது. ஆனால் அது ஆறும்போதுதான் பிடிக்கும். அடுப்பில் இருக்கும்போது சாம்பார் பதத்தில் இருந்தால் போதும். நன்றாக ஆறியபின் கரண்டியில் குவிந்து நிற்கும். அடுப்பிலேயே ஜாம் போலத் தெரிய வேண்டும் என்று கிளறிக்கொண்டே இருப்பவர்கள்தான் மறுநாள் "கல்லாயிடுச்சு" என்று கூப்பிடுகிறார்கள்.

சோதனை: சின்னப் பீங்கான் தட்டு ஒன்றை ஃப்ரீசரில் 10 நிமிடம் வையுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் சாஸை விட்டு, மறுபடி 2 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, விரலால் நடுவில் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் வந்துவிட்டது, அடுப்பை அணைத்துவிடலாம். உடனே ஓடி மூடிக்கொண்டால் இன்னும் 2 நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி பாருங்கள். தட்டு ஃப்ரீசரில் இருக்கும்போது அடுப்பை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதித்து முடிப்பதற்குள் பாத்திரம் பதத்தைத் தாண்டிவிடும்.

நம் வீடுகளில் பாகுக்குக் கம்பி பார்த்துப் பழகியவர்கள் இதிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இதில் அந்தச் சோதனை வேண்டாம். கம்பி வரும்வரை காத்திருந்தால் மறுநாள் கத்தியால்தான் எடுக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் வைத்திருந்தால், கடல் மட்டத்தில் 104 டிகிரி செல்சியஸ் என்பது ஜெல்லி கெட்டியாக நிற்கும் இடம். கரண்டியால் எடுத்துப் போடும் சாஸுக்கு அதுவரை போகவே வேண்டாம். டென்வர் மாதிரி உயரமான ஊரில் தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே இருப்பவர்கள் 104-க்காகக் காத்திருந்தால் சாஸ் கெட்டுவிடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலரை டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெர்மாமீட்டரை விடத் தட்டின் மேல்தான் நம்பிக்கை.

### ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தும் ஓடுகிறது

இது நிஜமான கோளாறு. காரணங்களைச் சுலபமானதிலிருந்து பாருங்கள்.

தண்ணீர் கூடிவிட்டதா? ஒரு கப் தண்ணீரோடு ஒரு கப் ஆரஞ்சுச் சாறும் ஊற்றியிருப்பீர்கள். சாறு ஊற்றினால் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்துக்கு மாற்றி, 5 நிமிடம் கொதிக்கவிட்டுத் தட்டுச் சோதனை செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

பழம் முழுசாக நிற்கிறதா? தோல் வெடித்தால்தான் பெக்டின் வெளியே வரும். கால்வாசிப் பழத்தைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்துக் கரண்டியால் நசுக்கிவிட்டு, 3 நிமிடம் சூடாக்குங்கள்.

சர்க்கரையைக் குறைத்தீர்களா? பெக்டின் பிடிப்பதற்குப் புளிப்போடு சர்க்கரையும் வேண்டும். அரை கப்புக்குக் கீழே போனால் தளர்வாகத்தான் நிற்கும். சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி போட்டிருந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் பிடிக்காது, வீணாகக் காய்ச்சாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் சியா விதையைக் கலந்து ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்காகத் தனியாகச் செய்யும்போது நான் இதைத்தான் செய்கிறேன், நன்றாகவே நிற்கிறது.

அரை மணி நேரத்துக்கு மேல் கொதித்துவிட்டதா? கறுத்து, பாகு போல ஒட்டுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இதுதான் காரணம். பெக்டின் சிதைந்துவிட்டது. மறுபடி கொதிக்கவைத்தால் இன்னும் மோசமாகும். இதற்கு வெளியிலிருந்துதான் உதவி வர வேண்டும். ஒரு பச்சை ஆப்பிளைத் தோலோடு துருவிப் போட்டு 5 நிமிடம் வேகவிடலாம், ஆப்பிளில் பெக்டின் உண்டு. இல்லையென்றால் 2 டீஸ்பூன் சோள மாவை 2 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. கடையில் விற்கும் ஜெலட்டின் பொடியை எடுப்பதற்கு முன் யோசியுங்கள், அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிறவர் மேசையில் இருந்தால் கடல்பாசி (அகர் அகர்) பயன்படுத்துங்கள். அதையும் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கடைசியில் சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதித்தால் அதன் பிடிப்பும் போய்விடும்.

எல்லாவற்றையும் விடச் சிறந்தது, செலவும் கொஞ்சம் கூடுதல்: இன்னொரு பாக்கெட் வாங்கி, அதில் பாதியைக் கால் கப் தண்ணீரில் 8 நிமிடம் வேகவைத்துப் பழையதோடு கலப்பது. ருசியும் நிறமும் சேர்ந்தே திரும்பி வரும். இதற்காகவே நான் அக்டோபரிலேயே இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். ஒரு வருடம் வரை கெடாது, உருக வைக்காமல் அப்படியே பாத்திரத்தில் போடலாம்.

## கல் போல இறுகிவிட்டது

நிறைய கொதித்திருக்கும், அல்லது தண்ணீர் குறைந்திருக்கும். தீயைச் சிம்மில் வைத்து, 2 டேபிள்ஸ்பூன் வெந்நீர் ஊற்றி, ஓரத்திலிருந்து மெல்லக் கிளறுங்கள். போதவில்லை என்றால் இன்னும் 2 டேபிள்ஸ்பூன். ஆரஞ்சுச் சாறும் ஊற்றலாம், ஆனால் ஏற்கெனவே புளிப்பாக இருந்தால் தண்ணீர்தான் நல்லது. இளகியதும் அணைத்துவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள். விருந்துக்கு அரை மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும், அதை முதலில் செய்து பாருங்கள்.

## கசக்கிறது

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். "கசக்குது" என்று சொல்பவர்களிடம் நான் மறுபடி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். கிரான்பெர்ரியில் கசப்பு, துவர்ப்பு, புளிப்பு மூன்றும் உண்டு. சர்க்கரை புளிப்பைத்தான் நேரடியாக அடக்கும். எந்தக் கசப்பு என்று தெரியாமல் சர்க்கரையை ஏற்றினால் இனிக்கும் கசப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு டீஸ்பூன் சாஸை நன்றாக ஆறவைத்து, நாக்கில் வைத்து, பத்து எண்ணும்வரை விழுங்காமல் இருங்கள்.

### வாய் உள்ளே இழுக்கிறது, பல் ஈறு காய்ந்தது போல இருக்கிறது

அது துவர்ப்பு. நெல்லிக்காய் கடித்தது போல. பழத்தோலின் குணம் இது, உங்கள் தவறில்லை. இரண்டு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரம் என்றால் ஒரு டீஸ்பூன் வெண்ணெயைச் சூடான சாஸில் உருக்கிவிடுங்கள். வாயின் வறட்சி குறைந்து தெரியும்.

### நாக்கு நுனி லேசாக மரத்துப் போகிறது

கிராம்பு. வேறு எதுவும் அப்படிச் செய்யாது. பல்வலிக்குக் கிராம்பு கடித்தவர்களுக்கு உடனே பிடிபடும். முழுக் கிராம்பாக இருந்தால் இப்போதே எண்ணி எடுங்கள். பாத்திரத்தில் கிடக்கும் வரை அது இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று போட்டால் மூன்றும் கைக்கு வர வேண்டும், விருந்தாளி பல்லில் ஒன்று சிக்கினால் அவருடைய சாப்பாடே கெட்டுவிடும். பொடியாகப் போட்டிருந்தால் எடுக்க வழியில்லை. மசாலா இல்லாத சாஸை அதே அளவு தனியாகச் செய்து கலப்பது ஒன்றுதான் வழி. 340 கிராம் பழத்துக்குக் கிராம்புப் பொடி ஒரு சிட்டிகைக்கு மேல் போகவே கூடாது.

### விழுங்கிய பிறகும் அடி நாக்கில் கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது

ஆரஞ்சுத் தோலின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி. கேரட் சீவும் சீவியால் அழுத்திச் சீவும்போது வெள்ளையும் சேர்ந்து வந்துவிடும். தோல் கீற்றுகளை உடனே எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுவதும் உள்ளே கிடந்தால் காலையில் கசப்பு கூடியிருக்கும். எடுத்தபின் சிட்டிகை உப்பும் ஒரு டேபிள்ஸ்பூன் தேனும் சேர்த்துப் பாருங்கள், உப்பு கசப்பை நன்றாகவே மறைக்கும். அடுத்த முறை சீவிய கீற்றைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாகத் தெரிந்தால் கத்தியால் வழித்துவிட்டுப் போடுங்கள்.

### வால்நட் சேர்த்த பிறகுதான் கசந்தது

வால்நட்டின் மெல்லிய தோல் கசக்கும், பழைய பருப்பாக இருந்தால் காறவும் செய்யும். ஒரு பருப்பைத் தனியாக மென்று பாருங்கள். காறினால் பாத்திரத்தில் உள்ளதை எல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். நல்ல பருப்பாக இருந்தால் வறுத்து, ஒரு துணியில் போட்டுத் தேய்த்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள்.

### கரிந்த கசப்பு

கீழே "அடிப்பிடித்துவிட்டது" பகுதிக்குப் போங்கள்.

## புளிப்பு தாங்க முடியவில்லை

முதலில் நன்றாகக் குளிரவைத்துச் சாப்பிடுங்கள். அப்புறம், சாஸை மட்டும் கரண்டியில் எடுத்து ருசி பார்க்காதீர்கள். வான்கோழி இறைச்சி, உருளைக்கிழங்கு மசியல், கிரேவி எல்லாம் கொழுப்பும் உப்புமாக இருக்கும் தட்டில் இந்தப் புளிப்பு இருந்தே ஆக வேண்டும். தனியாகச் சாப்பிடும்போது சரியாக இனிக்கும் சாஸ், அந்தத் தட்டில் மிட்டாய் போலத் தெரியும். நான் எப்போதும் ஒரு துண்டு வெண்ணெய் தடவிய ரொட்டியோடுதான் ருசி பார்ப்பேன்.

அப்படியும் புளித்தால் வரிசையாக: இரண்டு சிட்டிகை உப்பு. பிறகு ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாகச் சர்க்கரை, ஒவ்வொரு முறையும் கரையும்வரை சூடாக்கி. சர்க்கரை ஏறாமல் புளிப்பு குறைய வேண்டும் என்றால் நன்கு பழுத்த பேரிக்காய் ஒன்றைப் பொடியாக நறுக்கி வேகவிடலாம்.

சமையல் சோடா போடலாமா என்று கேட்பார்கள். புளிப்பு குறையும், உண்மைதான். ஆனால் நுரை பொங்கும், நிறம் மங்கும், கெட்டிப்படுவதும் தளரும். கட்டாயம் என்றால் அடுப்பிலிருந்து இறக்கி, உயரமான பாத்திரத்தில், கால் டீஸ்பூனுக்கு மேல் போகாமல். எனக்கு இந்த வழியில் விருப்பம் இல்லை.

## மசாலா தெரியவே இல்லை, அல்லது மசாலா மட்டும்தான் தெரிகிறது

தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மசாலா பழையது, இல்லையென்றால் பழம் வெந்த பிறகு போட்டது. பட்டையை உடைத்து முகர்ந்து பாருங்கள். வாசம் வரவில்லை என்றால் சாஸிலும் வராது. பட்டையையும் அன்னாசிப்பூவையும் கால் கப் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை 2 டேபிள்ஸ்பூனாக வற்றவிட்டு வடிகட்டி ஊற்றுங்கள். பட்டைப் பொடியை நேராகத் தூவினால் சாஸ் கலங்கும், கொஞ்சம் வழவழவென்றும் ஆகிவிடும். ஜாதிக்காய் மட்டும் விதிவிலக்கு, அடுப்பை அணைத்தபின் இரண்டு உரசு உரசினால் போதும்.

அமெரிக்கக் கடையில் கிடைக்கும் தடித்த, கெட்டியான பட்டை பெரும்பாலும் காசியா வகை. காரமும் வாசமும் அதிகம், கொதித்தாலும் முழுசாக நிற்கும். இலங்கைப் பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், வாசம் மென்மை. கொதியில் தூள் தூளாக உதிரும், அதைத் துணியில் முடிந்து போடுங்கள். இலங்கைப் பட்டை பழகியவர்கள் அதே நீளத்துக்குக் காசியா போட்டுவிட்டு "மசாலா தூக்கலா இருக்கு" என்று கூப்பிடுவது உண்டு. பாதி போதும்.

தூக்கலாக இருந்தால்: முழு மசாலாவை எல்லாம் எடுத்துவிட்டு, அரை பாக்கெட் பழத்தை வெறும் சர்க்கரையோடு வேகவைத்துக் கலக்குங்கள். சர்க்கரையோ தண்ணீரோ ஊற்றி மசாலாவை அடக்க முயலாதீர்கள். அன்னாசிப்பூ தூக்கலாகிவிட்டால் மட்டும், கலந்த பிறகும் வாசம் முன்னால் நிற்கும். அரை டீஸ்பூன் ஆரஞ்சுத் தோல் துருவல் அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும்.

## அடிப்பிடித்துவிட்டது

அடுப்பை அணையுங்கள். கிளறாதீர்கள். சுரண்டவே சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை மட்டும் அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிடுங்கள், அடியில் ஒட்டியது அங்கேயே கிடக்கட்டும். இப்போது ஊற்றியதை ருசி பாருங்கள்.

கரிந்த வாசம் இல்லையென்றால் தப்பித்துவிட்டீர்கள், மிச்ச நேரத்தைச் சிம்மில் முடியுங்கள். லேசாக இருந்தால் ஆரஞ்சுத் தோல் துருவலும் இஞ்சியும் சேர்த்துப் பாருங்கள், மூடிவிட வாய்ப்பு உண்டு. தெளிவாகவே கரிந்த வாசம் அடித்தால் எந்த மசாலாவும் உதவாது. புதிதாகச் செய்ய 20 நிமிடம்தான் ஆகும். கரிந்ததைக் காப்பாற்ற நான் இரண்டு மணி நேரம் செலவழித்த வருடமும் உண்டு, கடைசியில் கொட்டத்தான் செய்தேன்.

காரணம் எப்போதும் மெல்லிய பாத்திரமும் பெரிய தீயும். பழம் வெடித்துச் சாறு இறங்கியதும் தீயைக் குறைத்துவிட வேண்டும்.

## நிறம் சரியில்லை, உலோக வாடை அடிக்கிறது

வெளிறிய சிவப்பாக இருந்தால் பாக்கெட்டில் வெள்ளைப் பழம் அதிகம் இருந்திருக்கும். ருசியில் குறை இல்லை. பழுப்பாக இருந்தால் நாட்டுச் சர்க்கரை, மேப்பிள் சிரப், பட்டைப் பொடி, அதிகக் கொதி இவற்றில் ஏதோ ஒன்று. திருப்ப முடியாது, சாப்பிடலாம். நீலம் ஓடிய ஊதாவாக இருந்தால் சோடா கூடிவிட்டது. எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் கண்ணெதிரே சிவப்பு திரும்பும்.

உலோக வாடை வேறு விஷயம். அலுமினியப் பாத்திரத்திலோ இரும்புச் சட்டியிலோ செய்திருப்பீர்கள். இந்தப் பழத்தின் புளிப்பு உலோகத்தைக் கரைத்து இறக்கும். அதற்குத் தீர்வு கிடையாது, கொட்டிவிட்டு எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் புதிதாகச் செய்யுங்கள். மிச்சச் சாஸை அலுமினியத் தாளால் மூடி வைப்பதும் இதே கதைதான், தாள் சாஸைத் தொடாமல் இருக்க வேண்டும்.

## பழம் வெடிக்கவில்லை, தோல் ரப்பர் போல இருக்கிறது

தீ குறைவு, அல்லது சர்க்கரைப் பாகு மிகவும் கெட்டி. கால் கப் தண்ணீர் ஊற்றி, தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள், பட் பட்டென்று சத்தம் வரும். அப்படியும் சில பழங்கள் நின்றால் நசுக்குங்கள்.

வேகவைக்கும் முன்பே பழத்தைச் சோதிக்க ஒரு வழி: நல்ல கிரான்பெர்ரி மேசையில் போட்டால் துள்ளும். அதற்குள்ளே நான்கு காற்றறைகள் இருக்கின்றன. அறுவடை நேரத்தில் எங்கள் மாசசூசெட்ஸில் கார்வர், வேர்ஹாம் ஊர்களின் பக்கம் போனால், வயலில் தண்ணீர் கட்டிவிட்டுப் பழத்தை மிதக்கவைத்து வாரியெடுப்பதைப் பார்க்கலாம். மிதப்பதும் அந்தக் காற்றறைகளால்தான். அப்படி நனைத்து எடுப்பது பெரும்பாலும் சாறுக்கும் டப்பா சாஸுக்கும் போகும், பாக்கெட்டில் வரும் பழத்தை உலர்ந்த வயலிலேயே பறிக்கிறார்கள். துள்ளாமல் மெத்தென்று விழுவதை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

## பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது

பாத்திரம் சின்னது, அல்லது மூடியை இறுக மூடிவிட்டீர்கள். சாஸ் பிழைத்துக்கொள்ளும், அடுப்பைக் கவனியுங்கள்.

கண்ணாடி மேற்பரப்பு உள்ள மின் அடுப்பு என்றால் இதைத் தள்ளிப்போட முடியாது. சர்க்கரைப் பாகு ஆறினால் கண்ணாடியோடு ஒட்டி, பெயர்க்கும்போது குழி விழும். பாத்திரத்தை நகர்த்தி, அடுப்பை அணைத்து, கையில் தடித்த ஓவன் கையுறை போட்டுக்கொண்டு, அடுப்புக்கென்று விற்கும் பிளேடு சுரண்டியால் சூடு இருக்கும்போதே சாய்வாகத் தள்ளி எடுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், ஆவி கையைச் சுடும்.

கண்ணாடியில் விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த அடுப்பை மறுபடி போடக் கூடாது. மின்பெட்டியில் அதன் இணைப்பை அணைத்துவிட்டு அடுப்பு பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். கேஸ் அடுப்பில் பாகு பற்றவைப்பானை அடைத்துக்கொண்டு பொறி வராமல் போனால், ஆறியபின் பர்னர் மூடியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் கேஸ் வாடை மட்டும் வந்து தீ பிடிக்காவிட்டால் அடுப்பை அணைத்து, எல்லாரும் வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

கையில் தெறித்திருந்தால் குழாய்த் தண்ணீரில் 10 முதல் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். முகம், மூட்டு, உள்ளங்கை இங்கெல்லாம் கொப்பளித்தாலோ, சுட்ட இடம் பெரிதாக இருந்தாலோ, குழந்தை மேல் பட்டிருந்தாலோ, விருந்து இருக்கட்டும், மருத்துவரிடம் போங்கள்.

## ஜாடி உடைந்தது, அல்லது ஜாடி மேல் சந்தேகம்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியில் கொதிக்கும் சாஸை ஊற்றினால் விரிசல் விடும். சின்னச் சில் ஒன்று உதிர்ந்திருந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள், வடிகட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நின்றால் பயமில்லை, கலக்கிவிடலாம். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. கள் போன்ற வாசம், குமிழி, உப்பிய மூடி இவற்றில் எது இருந்தாலும் ருசி பார்க்காமலே கொட்டுங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃப்ரிட்ஜுக்குத் திருப்பினால் பத்து நாள் நன்றாக இருக்கும்.

மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க ஜாடியில் அடைத்து மூடுபவர்கள் மட்டும் சோதித்துப் பார்த்த அளவை அப்படியே பின்பற்றுங்கள். வெறும் கிரான்பெர்ரி நல்ல புளிப்புள்ளது. அதில் வெங்காயமோ மிளகாயோ பருப்போ சேர்த்து அளவை மாற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. இதில் சந்தேகம் வந்தால் தோழிகளிடம் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கூட்டுறவு விரிவாக்க அலுவலகம் இருக்கிறது, அங்கே உணவுப் பதப்படுத்தலுக்கென்றே ஆட்கள் பதில் சொல்வார்கள்.

## சாஸ் சரி, சாப்பிடப் போகிறவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

சர்க்கரைக்குப் பதில் தேன் போட்டிருந்தால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டும் ஊட்டாதீர்கள், கொதிக்கவைத்த தேனாக இருந்தாலும். இந்த ஒன்றை நான் கிண்ணத்தின் மேல் சீட்டு எழுதியே ஒட்டிவிடுவேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ மாமனாரோ இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கிரான்பெர்ரியைப் பற்றி அவருடைய மருத்துவரிடமோ மருந்துக் கடைப் பார்மசிஸ்டிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வியாழக்கிழமை பெரும்பாலான மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு மட்டும்தான் திறந்திருக்கும், ஆகவே புதன்கிழமை மாலைக்குள் கேளுங்கள். அதற்குள் பதில் கிடைக்கவில்லை என்றால் இரண்டு ஆப்பிளைப் பட்டையோடு வேகவைத்து மசித்து, அவருக்கென்று தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.